தோற்கத் தெரிந்த எதிராளி

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரை வேகமாக ஓடவைக்கச் சொல்வார்கள். அதன் புத்தியைக் கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்லி வந்தவர் சாம்பியனின் தங்கை ஒருவர்தான்.

விடாத மழை. ரொட்டித் தொழிற்சாலையில் இருட்டோடு தொடங்கும் ஷிப்டை முடித்துக்கொண்டு நேராக வந்திருந்தார். முழங்கை மடிப்பில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. குடையை வாசலில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து என் மேசையில் வைத்தார். தொழிற்சாலை ஆபீசில் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். மூடியைத் திறந்தால் கிறீச்சென்றது.

"தம்பி, இதுல செஸ் ஆடுற ப்ரோகிராம் ஒண்ணு போட்டுக் கொடுங்க."

"போட்டுடலாங்க்கா. டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆயிடும்."

"போடுறது பெரிசில்லை. அது ஆடுறது அளவா இருக்கணும். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் காட்டக்கூடாது. அதுக்காக மக்கு மாதிரியும் ஆடக்கூடாது. அண்ணனுக்கு எதிர்ல சரிக்குச் சரியா உக்காரணும். தோக்கணும், ஆனா விட்டுக் கொடுத்த மாதிரி தெரியக்கூடாது."

"இவ்வளவு நல்ல குணத்தோட மனுஷங்களே கிடைக்கிறதில்லையேக்கா," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் அசட்டுக் கிண்டலுக்கெல்லாம் முதல் ஆளாகச் சிரிக்கிறவர் அவர். விஷயம் பெரிசுதான் என்று அப்போதே புரிந்துவிட்டது.

அண்ணனும் தங்கையும் என் கடைக்கு நேர் மேலே குடியிருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அண்ணன் கடைத்தெருவில் கண்ணாடி வெட்டுகிறவர். கட்டரை எண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பு, அடியில் ஒரு தட்டு, கண்ணாடி சொன்னபடி கேட்டு இரண்டாகும். மழையும் காற்றும் அடிக்கிற மாதங்களில் ஊர் முழுக்க ஜன்னல் உடையும், அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆனால் தெருவில் யாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்று சொல்வதில்லை. சாம்பியன். ஊரிலுள்ள பட்டறைகளும் ஆலைகளும் சேர்ந்து மழைக்காலம் முடிகிற சமயத்தில் நடத்தும் செஸ் போட்டியில் பல தடவை கோப்பை வாங்கியவர். டீக்கடையில் அவர் தலையைக் கண்டதும் யாராவது ஒருத்தர் தன் கணக்கில் 'சாம்பியனுக்கு ஒரு டீ' என்று குரல் கொடுப்பார். அவரும் வேண்டாமென்று சொல்கிற ஆளில்லை. தங்கைக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. சாம்பியன் தங்கச்சி, அவ்வளவுதான்.

இருவருக்கும் கல்யாணமாகவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அண்ணனுக்கு மீசை அரும்புகிற வயது, தங்கை பள்ளிக்கூடத்தில். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே தலை நரைத்துவிட்டது. சாயங்காலம் விளக்குப் போட்டதும் மேலே பலகையில் காய் வைக்கும் சத்தம் கேட்கும். டக். கொஞ்சம் கழித்து இன்னொரு டக். நடுநடுவே பேச்சு. சொந்தபந்தம் என்று யாருமில்லாமல் கடைக்குள்ளேயே படுத்து எழுகிற எனக்கு, அந்தச் சத்தம் கேட்டால்தான் பொழுது முடிந்த மாதிரி இருக்கும்.

இப்போது தங்கைக்கு ஒரு இடம் கூடிவந்திருந்தது. தொழிற்சாலைக்கு மாவு மூட்டை ஏற்றி வருகிற லாரிக்காரர். மனைவியை இழந்தவர். மூட்டை இறக்கும்வரை வண்டியில் சாய்ந்துகொண்டு இந்த அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டார்.

"முதல் தடவை கேட்டப்ப போட்டி நெருங்கிட்டிருந்துச்சு," என்றார் தங்கை. "அண்ணன் தினம் ஆடிப் பழகணும், நான் போயிட்டா யாரு இருக்கான்னு தள்ளிப் போட்டேன். ரெண்டாவது தடவை அண்ணனுக்குக் கண்ணாடி கிழிச்சுக் கையில தையல். இப்ப அவரு இந்தப் பக்கம் லாரி ஓட்டறதையே விடப்போறாரு. அவங்க ஊர்லயே வேலை கிடைச்சிருக்கு. இன்னொரு தடவை தள்ளினா அவரு கேக்க மாட்டாரு தம்பி. கோவத்துல இல்லை. வெக்கப்பட்டுக்கிட்டு."

"சாம்பியன் என்ன சொல்றாரு?"

"போ போன்னுதான் சொல்றாரு. சொல்லிட்டு, அந்தக் கையோட பலகையை எடுத்து வைக்கிறாரு."

"சமையல், துணிமணி..."

"அதெல்லாம் என்னைவிட நல்லா செய்வாரு. எதிர்ல உக்கார ஒண்ணு வேணும். அது இல்லாம நான் படியிறங்க மாட்டேன்." சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

எனக்குச் செஸ் பற்றித் தெரிந்ததெல்லாம் குதிரை கோணலாகப் போகும் என்பது மட்டும்தான். இருந்தாலும் நல்ல ப்ரோகிராம் ஒன்றைத் தேடிப் போட்டு மறுநாள் சாயங்காலம் மாடிக்கு எடுத்துப்போனேன். சாம்பியன் குளித்து, தலைசீவி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். விரல்களில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி. மேசையில் மரப்பலகை, அதன் பக்கத்தில் லேப்டாப்பை வைக்கச் சொன்னார். திரையில் படத்தைப் பார்த்து ஆட அவருக்குப் பிடிக்காது. காய் கையில் கனக்க வேண்டும்.

முதலில் நான் ஒன்றையும் மாற்றாமல் விட்டுவிட்டேன். தங்கை அடுப்பில் உருளைக்கிழங்கை வேகவைத்துவிட்டு வருவதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது. சாம்பியன் தன் ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மூச்சு வாங்காதா தம்பி?" என்றார்.

பலத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன். இந்தத் தடவை அது நன்றாகத்தான் தொடங்கியது. சாம்பியனும் உற்சாகமாகத் தொடையைத் தட்டிக்கொண்டார். திடீரென்று ஒரு காரணமும் இல்லாமல் ராணியைக் கொண்டுவந்து அவருடைய சிப்பாய்க்கு முன்னால் நிறுத்தியது. வெட்டிக்கொள் என்கிறது. சாம்பியன் வெட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பிச்சை போடுது," என்றார். முகம் சிவந்துவிட்டது. "மேதாவி மாதிரி ஆடிக்கிட்டே வந்து நடுவுல பைத்தியம் பிடிச்சுப் போகுது. மனுஷன் இப்படித் தப்பு பண்ணுவானா? தப்புன்னா அதுலயும் ஒரு நியாயம் வேணாமா?"

"இறக்கினா இப்படித்தான் போலிருக்குண்ணே. நடுநடுவுல வேணும்னே தப்பு பண்ணச் சொல்லி வச்சிருக்காங்க."

"அப்புறம் இன்னொண்ணு. நான் காயை வச்சுக் கையை எடுக்கல, பட்டுனு பதில் சொல்லுது. என்னை யோசிக்கவே இல்லைங்கிற மாதிரி இருக்கு."

தங்கை தட்டில் உருளைக்கிழங்கும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். சமையலறை வாசலில் நின்று அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அதோட காயையும் நீயேதான் நகர்த்தணுமாண்ணா?" என்று கேட்டார்.

"அதுக்குக் கையா இருக்கு?"

தங்கை உப்பு எடுத்துவர உள்ளே போனார். உப்பு மேசையிலேயே இருந்தது.

அதற்கப்புறம் மதியங்களில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தங்கையே கடைக்கு வரத் தொடங்கினார். அண்ணன் பட்டறையில் இருக்கிற நேரம். நான் ப்ரோகிராமின் உள்வயிற்றைக் கிண்டிக் கிண்டிப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். வேண்டுமென்றே தப்பு செய்கிறதை அடியோடு நிறுத்திவிட வேண்டியது. அதற்குப் பதிலாக, எத்தனை நகர்த்தல் முன்னால் யோசிக்கலாம் என்பதற்கு ஒரு கட்டுப்பாடு போடவேண்டியது. அப்போது அது கண்ணுக்குத் தெரிந்தவரை ஒழுங்காக ஆடும், அதற்கு அப்பால் இருப்பதில் ஏமாறும். கிட்டத்தட்ட நம்மைப் போல. பதில் சொல்வதற்குமுன் காத்திருக்கவும் வைத்தேன்.

"எவ்வளவு நேரம் காக்கணும்க்கா?"

"சில சமயம் சட்டுனு. சில சமயம் அவரு எந்திரிச்சுப் போய் ஜன்னல்கிட்ட நின்னுட்டு வர்ற அளவுக்கு. அவரு நல்லா ஒண்ணு ஆடினாருன்னா அதிக நேரம். அப்பதான் அவருக்குத் தெம்பு."

அப்படியெல்லாம் அதற்குச் சொல்லித்தர முடியாது, ஏற்ற இறக்கமாக வைக்கலாம் என்றேன். சரி என்றார்.

எத்தனை நகர்த்தல் முன்னால் பார்க்கவிடுவது என்பதுதான் பாக்கி. அண்ணனுக்கு இத்தனை வருஷமாகச் சமமாக ஆடியவர் தங்கை. அவர் எந்த அளவோடு சரியாக நிற்கிறாரோ அதுதான் அண்ணனுக்கும் சரியான அளவு. என் கணக்கு அவ்வளவுதான். ஆகவே அவரையே ஆடவைத்துப் பார்த்தேன். அவர் தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில் வாங்கிவந்த பச்சைப் பட்டாணியை மடியில் வைத்து உரித்துக்கொண்டே திரையைப் பார்த்து, 'குதிரையை அந்த மூலைக்கு' 'சிப்பாயை ஒண்ணு தள்ளு' என்று சொல்வார். நான் நகர்த்துவேன்.

ஜெயித்தார். ஒரு படி ஏற்றினேன். ஜெயித்தார். இன்னொரு படி. சாக்கடை அடைப்பை எடுக்க ஆள் வந்தானா என்று விசாரித்துக்கொண்டே ஜெயித்தார். நானும் குஷியில் ஏற்றிக்கொண்டே போனேன். பட்டாணித் தொலி மேசையில் குவிந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அந்தப் பழைய லேப்டாப்பின் விசிறி இரையத் தொடங்கியது. அது யோசிக்கத் திணறுகிறது என்று அர்த்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் சாயங்காலம் மாடியில் சாம்பியன் இதைவிடப் பல படி கீழே வைத்து ஆடிப்பார்த்த மூன்று ஆட்டத்திலும் தோற்றிருந்தார்.

செஸ் தெரியாவிட்டால் என்ன, எது பெரிசு எது சின்னது என்று தெரியாதா?

"என்னக்கா இது?" என்றேன்.

அவர் கை நின்றது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திருடும்போது பிடிபட்டவர் மாதிரி ஆகிவிட்டது முகம்.

"நீங்க ஏத்திக்கிட்டா இருந்தீங்க? நான் கவனிக்கலையே தம்பி."

"கவனிக்காமலே இப்படியா?"

அவர் மடியிலிருந்த பட்டாணியை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டார். "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

மெதுவாகத்தான் சொன்னார், நானும் தோண்டித்தான் எடுத்தேன். அப்பா அம்மா போன புதிதில் இருவரும் பலகையை எடுத்து ஆட ஆரம்பித்திருக்கிறார்கள். வேறு பொழுது ஏது. ஒரு மழைநாளில் இவர் தொடர்ந்து ஜெயித்துவிட்டார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பலகையை மடித்துப் பரணில் போட்டார்.

"கோவமெல்லாம் இல்லை தம்பி. சாப்பிட்டாரு, வேலைக்குப் போனாரு. ஆனா பேச்சு நின்னுபோச்சு. எங்க வீட்ல ஆட்டம் இல்லைன்னா பேச்சே கிடையாது. 'யானையை ஏன் அங்க வச்சே'ன்னு ஆரம்பிச்சு அப்படியே பட்டறையில நடந்தது, தெருவுல நடந்ததுன்னு வரும். அது இல்லைன்னா சாப்பிட்டியா, கதவைச் சாத்தினியா, அவ்வளவுதான். பேச்சே கேக்காத வீட்ல இருந்து பாத்திருக்கீங்களா? எனக்குக் காது அடைச்ச மாதிரி ஆயிடுச்சு. ஒரு வருஷம் போல பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் நானே ஏணி வச்சு ஏறிப் பலகையை எடுத்தேன். அன்னைக்குத் தோத்தேன். அன்னைக்கு ராத்திரி எவ்வளவு பேசினாரு தெரியுமா!"

"அதிலிருந்து இப்படியேவா?"

"நாலுல ஒண்ணு நான் ஜெயிப்பேன். எப்பவும் தோத்தா சந்தேகம் வந்துடும். அவரு முகத்தைப் பார்த்துக்கிட்டே ஆடணும். பட்டறையில கண்ணாடி உடைஞ்ச நாள்ல அவருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது. சந்தோஷமா வந்த நாள்ல நல்லா இழுத்தடிக்கலாம். போட்டி சமயத்துல யாரோட ஆடப்போறாருன்னு கேட்டு வச்சுக்குவேன். அச்சகத்து ஃபோர்மேன் இப்படி ஆடுவான், அவன் பதுங்கிப் பதுங்கி வருவான்னு சொல்லுவாரு. நானும் பதுங்கிப் பதுங்கி வருவேன்."

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சாம்பியனுக்கு ஏற்ற எதிராளியை உண்டாக்க நான் நாள்கணக்காகத் திருகிக்கொண்டிருக்கிறேன். அது மாடியில் பல வருஷமாக ரொட்டி வெட்டிக்கொண்டிருக்கிறது.

"சரி, இப்ப இதை எங்க வைக்கிறது?" என்று கேட்டேன்.

எந்தப் படி என்று யோசிக்காமல் சொன்னார். அந்தப் படிதான் சரியாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் சாம்பியன் அதோடு இரண்டு ஆட்டம் ஆடினார். ஒன்று தோற்றார். இன்னொன்றில் வியர்த்து விறுவிறுத்து ஜெயித்தார். படியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பிடிச்சிட்டேடா சரியா! அப்படியே என் தங்கச்சி மாதிரியே ஆடுது!"

பின்னால் நின்றிருந்த தங்கை சிரித்தார். பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை என்று எனக்குப்பட்டது. மறுநாள் லாரிக்காரரிடம் சரி என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அப்படியே வண்டி ஏற்றம். ஆர்ப்பாட்டம் ஒன்றும் வேண்டாமென்று மூவரும் முடிவுசெய்திருந்தார்கள்.

இத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். கெடுத்தது சாம்பியனுடைய சந்தோஷம்தான்.

கிளம்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்தது. முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, பட்டாணி சூப். சமைத்தது சாம்பியன். அறை மூலையில் தங்கையின் பெட்டி கட்டிவைத்திருந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் சாம்பியன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னைக்கு ஒரு வேடிக்கை பார்ப்போம். இவளும் இதுவும் ஆடட்டும். ஒரே மாதிரி ஆடுறவங்க ரெண்டு பேரும் மோதிக்கிட்டா எப்படி இருக்கும்?"

"எனக்கு வேலை கிடக்குண்ணா."

"என்ன பெரிய வேலை. உக்காருடி. அது காயை நான் நகர்த்துறேன்."

தங்கை என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? மின்சாரத்தை நிறுத்தலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் தங்கை உட்கார்ந்துவிட்டார். சாம்பியன் நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டார், தங்கைக்குத் தோளோடு தோளாக.

சாம்பியனுக்குத் தங்கையின் எதிரே உட்கார்ந்துதான் பழக்கம். தங்கை இன்னொருவரோடு ஆடி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. தங்கைக்கோ முகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துத்தான் பழக்கம். லேப்டாப்புக்கு முகம் எங்கே இருக்கிறது?

கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு அந்த ப்ரோகிராம் ஒரு யானையை மூலையில் அனாதையாக விட்டுவிட்டது. எனக்கே தெரிந்தது. தங்கையின் குதிரை ஒரு தாவு தாவினால் அது போச்சு. தங்கை ஒரு சிப்பாயை எடுத்து ஒரு கட்டம் தள்ளிவைத்தார்.

சாம்பியன் அதன் பதிலை நகர்த்தவில்லை.

கண்ணாடியில் கீறல் தேடுகிறவர்கள் அதை நேராகப் பார்க்கமாட்டார்கள். சாய்த்து, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். சாம்பியன் தங்கையை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யானையை ஏன் விட்டே?"

"பார்க்கலைண்ணா."

"பார்த்தே. உன் கண்ணு முதல்ல அங்கதான் போச்சு. அப்புறம் இன்னும் ரெண்டு மூணு இடத்துக்குப் போச்சு. அதுக்கப்புறம்தான் கை இங்க வந்துச்சு."

தங்கை அந்தச் சிப்பாயைக் கட்டத்தின் நடுவுக்கு நகர்த்திச் சரிசெய்தார்.

"இந்தச் சிப்பாயை எனக்குத் தெரியும்டி," என்றார் சாம்பியன். குரல் ஏறவே இல்லை. "இதே மாதிரி என்கிட்ட எத்தனை தள்ளியிருப்பே. நான் ஒவ்வொரு தடவையும் இவ இதைப் பார்க்கலையேன்னு உள்ளுக்குள்ள குதிப்பேன்."

"அண்ணா..."

"கோப்பை எல்லாம்?"

"அது நீ ஜெயிச்சதுண்ணா. அங்க எதிர்ல நானா உக்கார்ந்தேன்? நீ சொல்லுவே, இவன் இப்படி ஆடுவான்னு. நான் அவங்களை மாதிரி ஆடிக் காட்டுவேன். ஜெயிச்சது நீதான்."

"ஃபோர்மேன் மாதிரி ஆடினே. சரி. எனக்குச் சமமா ஒருத்தி மாதிரி ஆடினே. அதுவும் சரி. உன்னை மாதிரி எப்ப ஆடினே?"

தங்கை பெட்டி இருந்த மூலையைப் பார்த்தபடி சொன்னார். "பரண்ல பலகையைப் போட்டியே, அன்னைக்கு."

சாம்பியன் லேப்டாப்பை மூடினார். காய்களை முதலிலிருந்து அடுக்கினார். நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டார். நான் எழுந்து போகப் பார்த்தேன், உட்காரு தம்பி என்றார்.

"ஆடு. நிஜமா ஆடு. குறைச்சு ஆடினா எனக்குத் தெரியும். இனிமே தெரியும்."

"வேணாம்ணா. ஊருக்குப் போற சமயத்துல."

"ஊருக்குப் போற சமயத்துலயாவது ஆடுடி."

ஆடினார்கள். தங்கை குனிந்த தலை நிமிரவில்லை. அண்ணன் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பலகையை மட்டுமே பார்த்தார். நான் இத்தனை நாள் பார்த்த அக்கா இல்லை அவர். தோள் நிமிர்ந்திருந்தது, கை தயங்காமல் போய் வந்தது, பார்க்கக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. சாம்பியன் தோற்றார். மறுபடி அடுக்கினார். அதிலும் தோற்றார், இன்னும் சீக்கிரமாக. மூன்றாவது தடவை தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், அதிலென்ன வெட்கம்.

"அந்த லாரிக்காரரு நல்லா ஆடுவாரா?"

"காய் பேருகூடத் தெரியாது."

"அப்புறம்?"

"பேசுவாருண்ணா." தங்கைக்கு அழுகையில் சரியாகச் சொல்ல வரவில்லை. "சும்மாவே பேசுவாரு. எதிர்ல எதுவும் வைக்க வேண்டியதில்லை. மூட்டை இறக்கறவரைக்கும் பேசுவாரு. மழை, ரோடு, டயரு, எதையாவது."

"நான் பேசலையா?"

"நீயும் பேசுவே அண்ணா. காய் நகர்ந்தா பேசுவே."

கீழே தெருவில் யாரோ கதவை இழுத்துச் சாத்தினார்கள். சாம்பியன் காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டார். கடைசிக் காயையும் போட்டு மூடினார்.

"நான் போகலைண்ணா," என்றார் தங்கை. "அவருகிட்டச் சொல்லிடறேன். அவரு புரிஞ்சுக்குவாரு."

"அதெல்லாம் நடக்காது. போ நீ." சாம்பியன் சட்டென்று சத்தம்போட்டுச் சிரித்தார். "தினம் சாயங்காலம் உங்கிட்ட அடி வாங்க எனக்குத் தெம்பில்லை. இதுகிட்டன்னா நாலு ஆட்டமாவது ஜெயிப்பேன். எனக்கு இதுதான் லாயக்கு. கிளம்பு கிளம்பு."

அவருக்கு நடிக்க வராது. அன்று நடித்தார், மகா மோசமாக. தங்கையும் அதை நம்பியது போல நடித்தார். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

கையெழுத்து முடிந்து அவர்கள் வண்டி ஏறிய அன்றும் மழை. லாரிக்காரர் பெட்டியை வைத்துவிட்டு, வழியில் பாலம் ஒன்று வெள்ளத்தில் மூழ்கிவிட்டது, சுற்றிப் போகவேண்டும், அந்தச் சுற்றுவழியில் ஒரு கடையில் டீ நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர்தான். சாம்பியன் கை காட்டிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் மாடியில் டக் சத்தம் இல்லை. விளக்கு எரியும், குழாய் ஓடும், நாற்காலி ஒரு தடவை நகரும். தங்கை போன் செய்வார். கடை வாசலில் நின்றால் இவர் பேசுவது கேட்கும். 'சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா? இங்கயும் மழைதான். சரி.' அவ்வளவுதான். டீக்கடையில் இப்போதும் சாம்பியனுக்கு ஒரு டீ என்று குரல் கொடுக்கிறார்கள். அவர் தன் காசை வைத்துவிட்டுக் குடிக்கிறார்.

ஒரு சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். சட்டையில் கண்ணாடித் தூள் மினுக்கிக்கொண்டிருந்தது.

"இதை ஏத்திவிடு தம்பி."

"ஏண்ணே, எளிசா இருக்கா?"

"இல்லை, இதே சரியாத்தான் இருக்கு. அவ அளவுக்கு ஏத்து."

"அக்கா அளவு எனக்குத் தெரியாதுண்ணே. நான் ஏத்தின வரைக்கும் ஜெயிச்சாங்க. நான் கேட்டதும் நிறுத்திட்டாங்க."

"அந்த நிறுத்தின இடத்துல வை."

"போட்டிக்கு அது உதவாதுண்ணே. தினம் தோத்துக்கிட்டே இருந்தா அது பழக்கமே இல்லை. அளவா இருந்தாத்தானே..."

"போட்டிக்கு இல்லை," என்றார்.

மேலே போய் நானே வைத்துக்கொடுத்தேன். அவர் பலகையை விரித்துக் காய்களை அடுக்கினார், முதலில் எதிர்ப்பக்கம், பிறகு தன் பக்கம். ஆட்டம் தொடங்கியது. தன் காயை நகர்த்துவார், திரையைப் பார்ப்பார், எழுந்து மேசைமேல் குனிந்து எதிர்ப்பக்கத்துக் காயை நகர்த்துவார், உட்காருவார். அவர் யோசிக்கிற நேரம் அதிகமாகிக்கொண்டே போனது. அது தன் காய்களைக் கொண்டுவந்து அவரைச் சுற்றி நிறுத்தியது. அவற்றைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அவர் கைதான். அக்காவோடு ஆடியபோது இரைந்த விசிறி இப்போது இரையக்கூட இல்லை. கடைசியில் ராஜாவுக்குப் போக இடமில்லை.

அவர் பலகையைவிட்டு நிமிர்ந்து எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

"இதுக்கும் மேலயா இருந்தா?" என்றார். "இதே மேசையில, கை நீட்டினா தொடுற இடத்துல உக்கார்ந்துக்கிட்டு, இவ்வளவு தூரத்துல இருந்திருக்காளே தம்பி. தனியா."

சரிண்ணே, நாளைக்குப் பார்ப்போம் என்று ஏதோ சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எழுந்து எதிர்ப்பக்கம் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து பலகையைப் பார்த்தார். தான் வழக்கமாக உட்காருகிற இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.